ஏஎம்ஹெச் கம்மின்னா முட்டையோட தரமும் கம்மியா?

கேள்வி: எனக்கு வயசு 36. எட்டு மாசமா குழந்தைக்கு ட்ரை பண்றோம். பீரியட்ஸ் ஒழுங்கா 28, 29 நாள்ல வந்துடுது. ஏஎம்ஹெச் டெஸ்ட் எடுத்ததுல 0.9 வந்திருக்கு, அதைப் பார்த்துட்டு முட்டை குவாலிட்டி சரியில்லன்னு சொல்றாங்க. கோக்யூ10, டிஹெச்இஏ ரெண்டும் 3 மாசம் சாப்பிட்டா தரம் ஏறிடும்னு ஒரு வீடியோல பார்த்தேன். வாங்கி சாப்பிடலாமா?

பதில்: அந்த 0.9-ஐ பார்த்து குவாலிட்டி சரியில்லன்னு யார் சொன்னாலும் அது தப்பு. ஏஎம்ஹெச்ங்கறது சினைப்பைல இருக்கற குட்டி குட்டி ஃபாலிக்கிள்களோட (முட்டை இருக்கற பைங்க) செல்லுங்க விடற ஹார்மோன், ஃபாலிக்கிள் நிறைய இருந்தா நம்பர் ஏறும், கம்மியா இருந்தா இறங்கும், அவ்வளவுதான் அது சொல்லும். ஒரு பெட்டில எத்தனை பல்பு இருக்குன்னு எண்றது வேற, அதுல எத்தனை எரியும்ங்கறது வேற இல்லையா. பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டி பிரச்சனை இருக்கறவங்களுக்கு ஏஎம்ஹெச் நிறையவே இருக்கும், அதுக்காக அவங்க முட்டை எல்லாம் சூப்பர்னு யாரும் சொல்றதில்லையே.

2017-ல அமெரிக்கால ஒரு ஆய்வு வந்துச்சு, 30-லேர்ந்து 44 வயசு வரைக்கும் சுமார் 750 பெண்கள், எல்லாரும் அப்பத்தான் இயற்கையா ட்ரை பண்ண ஆரம்பிச்சவங்க. அதுல ஏஎம்ஹெச் 0.7-க்கு கீழ இருந்தவங்களும் நார்மலா இருந்தவங்களும் ஆறு மாசத்துல கிட்டத்தட்ட ஒரே அளவுலதான் கர்ப்பமானாங்க. நீங்க எட்டு மாசம் தாண்டிட்டதால அப்படியே உங்களுக்கு பொருத்த முடியாது, ஆனா மாசாமாசம் வெளிய வரப்போறது ஒரே ஒரு முட்டைதானே, ஸ்டாக் எவ்வளவுங்கறது அங்க பெருசா குறுக்க வராது. ஐவிஎஃப், அதாவது டெஸ்ட் டியூப் பேபி சிகிச்சைக்கு போறப்பதான் வரும், ஊசி போட்டா 10 கிடைக்க வேண்டிய இடத்துல 4 கிடைக்கும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப டெஸ்ட் எடுத்திருந்தா நம்பர் கொஞ்சம் இறங்கித்தான் காட்டும், அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

சரி, அப்ப தரம்னா என்ன? பெரும்பாலும் அது குரோமோசோம் கணக்கு. பெண் குழந்தை அம்மா வயித்துல இருக்கறப்பவே அவளோட எல்லா முட்டையும் உருவாகிடுது, அஞ்சாவது மாசம் வாக்குல 60, 70 லட்சம் இருக்கும், பொறக்கறப்ப 10-லேர்ந்து 20 லட்சம், வயசுக்கு வர்றப்ப 3, 4 லட்சம்தான் மிச்சம். அந்த முட்டைங்க எல்லாம் செல் பிரியற வேலையை பாதில நிறுத்திட்டு காத்துக்கிட்டு இருக்கும், உங்களுக்கு இந்த மாசம் வெளிய வர்ற முட்டை 36 வருஷமா அப்படியே காத்திருந்தது. குரோமோசோம் ஜோடிகளை சேர்த்துப் பிடிச்சு வைக்கற புரோட்டீன் இத்தனை வருஷத்துல தளர்ந்து போகும், கடைசி நேரத்துல பிரியறப்ப ஒண்ணு கூடவோ குறையவோ போயிடும், அப்படிப்பட்ட முட்டை கருவானாலும் பெரும்பாலும் ஒட்டாது, ஒட்டினாலும் அபார்ஷன் ஆகலாம். டவுன் சிண்ட்ரோமோட பொறக்கற வாய்ப்பு அம்மாவுக்கு 35 வயசுல சுமார் 350-ல ஒண்ணு, 40-ல சுமார் 100-ல ஒண்ணுன்னு ஏறறதுக்கும் இதுதான் காரணம். சின்ன வயசுக்காரங்களோட டோனர் முட்டையை வெச்சா 43, 44 வயசுக்காரங்களுக்கும் நல்லா தங்குதுங்கறதை பார்த்தாலே தெரியும், பிரச்சனை கர்ப்பப்பைல அவ்வளவா இல்ல, முட்டையோட வயசுலதான்.

அதனால ஸ்கேன்லயோ ரத்த டெஸ்ட்லயோ முட்டையோட தரத்தை பார்க்கவே முடியாது. உங்க விஷயத்துல அதை ஓரளவு சொல்ற ஒரே நம்பர் 36-தான், அது ஒண்ணும் மோசமான நம்பர் இல்ல.

மாத்திரைக்கு வருவோம். 3 மாசம்னு அவங்க சொல்றது சும்மா இல்ல, ஒரு ஃபாலிக்கிள் வளர ஆரம்பிச்சு முட்டை வெளிய வர்றதுக்கு கடைசி கட்டம் மட்டும் கிட்டத்தட்ட 3 மாசம் ஆகும். கோக்யூ10 முட்டைக்குள்ள சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியாவுக்கு உதவும்ங்கறது ஐடியா. ஐவிஎஃப்ல சில ஆய்வுல முட்டை கொஞ்சம் கூட கிடைச்சிருக்கு, ஆனா குழந்தை பொறக்கறது கூடுதுன்னு உறுதியா நிரூபணம் ஆகல. பெரிய கெடுதல் இல்லாத ஐட்டம், வேற மாத்திரை ஏதாவது, முக்கியமா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க மட்டும் கேட்டுட்டு சாப்பிடணும். டிஹெச்இஏ அப்படி இல்ல, அது ஹார்மோன், பரு வரும், முகத்துல முடி வளரும், முடி கொட்டும், ஆன்லைன்ல நீங்களா வாங்கி போடாதீங்க. முட்டைக்கு கெடுதல்னு தெளிவா தெரிஞ்சது சிகரெட், பக்கத்துல இருக்கறவங்க விடற புகையும் சேர்த்துதான். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் இப்பவே ஆரம்பிச்சுடுங்க, முட்டைக்காக இல்ல, குழந்தையோட முதுகுத்தண்டுக்காக.

மாத்திரை சாப்பிடறதை விட எனக்கு பயம், மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு சும்மா 3 மாசம், அப்புறம் இன்னொரு 3 மாசம்னு காத்திருக்கறதுதான். 35 தாண்டினவங்க 6 மாசம் ட்ரை பண்ணியும் நிக்கலன்னா பரிசோதனைக்கு போயிடணும், நீங்க ஏற்கனவே 8 மாசம். உங்க கேள்வில வீட்டுக்காரரைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல, நான் பார்க்கற பாதி லெட்டர் இப்படித்தான் வருது. குழந்தை தங்காத ஜோடிகள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு ஆண் பக்கமும் ஏதோ ஒரு காரணம் இருக்கு, விந்து டெஸ்ட் ரொம்ப சுலபமானது, அதை முதல்ல எடுக்க சொல்லுங்க. உங்களுக்கு பீரியட்ஸ் ரெண்டாவது மூணாவது நாள்ல ஃபாலிக்கிள் எண்ற ஸ்கேன், எஃப்எஸ்ஹெச் (முட்டையை வளர வைக்கற ஹார்மோன்), தைராய்டு ரத்த டெஸ்ட், அப்புறம் கருக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு பார்க்கற டெஸ்ட். இதெல்லாம் ஒரே சைக்கிள்ல முடிச்சுடலாம், ரிசல்ட் வர்ற வரைக்கும் ட்ரை பண்றதை நிறுத்த வேண்டாம், 28 நாள் சைக்கிள்னா 9-வது நாள்லேர்ந்து 15-வது நாள் வரைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தா போதும்.