ராத்திரியில் மட்டும் ஏன் கட்டுப்பாடு போய்விடுகிறது?

கேள்வி: வயது 27. சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. உயரம் 158 செ.மீ., எடை 61 கிலோ. வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து சோற்றை நிறுத்திவிட்டேன். காலையில் பால் இல்லாத காபி, மதியம் வெள்ளரிக்காய். ஆனால் எல்லோரும் தூங்கிய பிறகு மிச்சச் சோறு, முறுக்கு, மைசூர்பாகு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தின்றுவிடுகிறேன். மறுநாள் பட்டினி. இரண்டு மாதமாக மாதவிலக்கு வரவில்லை, முடியும் கொட்டுகிறது. மனக்கட்டுப்பாடு வர என்ன செய்வது?

பதில்: வெள்ளரித் துண்டுகளை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவருக்கு இன்னும் எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்? ராத்திரி நீங்கள் தின்பது, பகலில் உடம்புக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்த பாக்கி.

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். ஆறு மாதம் அவர்களுடைய சாப்பாட்டை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள். அதுவரை சமையலறைப் பக்கமே போகாதவர்கள்கூட சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்புதான். கட்டுப்பாடு தளர்ந்ததும் சிலர் வயிறு வலிக்கும்வரை தின்றும் பசி அடங்கவில்லை. அவர்களுக்கு வரன் தேடும் நெருக்கடியும் இல்லை, சொந்தக்காரர்களின் கிண்டலும் இல்லை.

உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) சுமார் 24.4. இந்தியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே அதிக எடை என்று கணக்கு. ஆக, எடை கொஞ்சம் கூடுதல்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருந்தால் அவசரம் ஏதுமில்லை. முதலில் இந்தப் பட்டினிச் சுழல் நிற்க வேண்டும், எடை அப்புறம்.

காலையில் மூன்று இட்லி, சாம்பார். நேரமில்லையென்றால் டப்பாவில் எடுத்துப் போங்கள். மதியம் ஒரு கப் சோறு, பருப்பு அல்லது முட்டை, நிறைய பொரியல், தயிர். ஐந்து மணிக்குச் சுண்டல். இதைத் தவறவிடாதீர்கள், ராத்திரிப் பசியைப் பாதி அடக்குவது இதுதான். எட்டு, எட்டரைக்குள் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பாடு. மைசூர்பாகு வேண்டுமா, எல்லோர் முன்னாலும் ஒன்று சாப்பிடுங்கள். ராத்திரி மறுபடியும் தின்றுவிட்டாலும் மறுநாள் காலை இட்லியை விடாதீர்கள். முதல் இரண்டு வாரம் எடை ஒரு கிலோ ஏறலாம், பெரும்பாலும் அது தண்ணீர். எடைமெஷினைப் பரணில் போடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் எடைப் பேச்சு வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அத்தைமார்களை அவர் சமாளிக்கட்டும்.

மாதவிலக்கு நின்றதைத் தள்ளிப் போடாமல் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச்சத்து பார்ப்பார்கள், நீர்க்கட்டிக்கு ஸ்கேன் எடுக்கலாம். கர்ப்பப் பரிசோதனையும் கேட்பார்கள். எல்லோரிடமும் கேட்பதுதான், கோபப்பட வேண்டாம்.

தின்ற பிறகு வாந்தி எடுப்பதோ பேதி மாத்திரை போடுவதோ உண்டா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்டாக வேண்டும். இருந்தால் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பே தடுமாறலாம். இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.