ஆட்டோகேட் கேள்வி பதில்: ஸ்கிரிப்ட் எழுதி லேயர்களை மறைப்பது

கேள்வி: ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் ஒரே தரைத்தள டிராயிங்கிலிருந்து சிவில், எலக்ட்ரிக்கல், ஏசி டக்ட் என்று மூன்று தாள் பிரிண்ட் எடுக்கிறோம். ஒவ்வொரு தடவையும் லேயர் (ஒரு வகைக் கோடுகளைத் தனியாக வைக்கும் அடுக்கு) பட்டியலில் போய் மாற்றுவதற்குப் பதிலாக ஸ்கிரிப்ட் எழுதினேன். பாதியில் நின்றுவிடுகிறது. சில நேரம் சேவ் ஆகாமலே போகிறது. தவறு எங்கே?

பதில்: பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கும். வரியின் கடைசியில் விழுந்த ஒரு காலி இடத்தைத் தேடுங்கள், அல்லது விட்டுப்போன ஒரு வெற்று வரியை. நீங்கள் கீபோர்டில் தட்டுவதை அதே வரிசையில் தட்டித் தருவதுதான் ஸ்கிரிப்ட். எதிரே ஆட்டோகேட் என்ன கேட்கிறது என்று அது பார்க்காது. காலி இடமும் அதற்கு எண்டர், வரி முடிவும் எண்டர்.

உங்கள் லேயர்கள் சுவருக்கு ஏ, ஸ்ட்ரக்சருக்கு எஸ், டக்ட்டுக்கு எம், மின்சாரத்துக்கு இ என்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். எலக்ட்ரிக்கல் தாளுக்கு நோட்பேடில் இப்படி எழுதி, எஸ்சிஆர் (.scr) என்ற எக்ஸ்டென்ஷனுடன் சேமியுங்கள் (ஃபைலில் எல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும்):

_-லேயர்
டி
*
ஓஎன்
*
எஸ்
0
எஃப்
எம்-*,எஸ்-*
(இங்கே ஒரு வெற்று வரி)
_க்யூசேவ்

முதல் வரியில் ஹைஃபன் அவசியம். அது இல்லையென்றால் லேயர் பேலட் திறந்துகொள்ளும். அடுத்த வரிகள் எல்லாம் கமாண்ட் லைனில் போய், தெரியாத கமாண்டாகவோ வேறு ஏதோ கமாண்டின் சுருக்கமாகவோ ஓடும். கமாண்டுக்கு முன்னால் மட்டுமல்ல, டி, எஸ், எஃப் போன்ற ஆப்ஷன்களுக்கு முன்னாலும் அண்டர்ஸ்கோர் போட்டால் வேறு மொழிப் பதிப்பிலும் அதே ஸ்கிரிப்ட் வேலை செய்யும்.

வரிசையிலும் காரணம் இருக்கிறது. டி (T) என்பது தா (Thaw): உறைந்திருக்கும் எல்லா லேயரையும் முதலில் விடுவிக்கிறோம். 0 லேயர் ஃப்ரீஸாகி இருந்தால் அதை கரன்ட் லேயராக (இப்போது வரையும் லேயராக) வைக்க முடியாது என்பதால்தான் எஸ் பிறகு வருகிறது. கரன்ட் லேயரை ஃப்ரீஸ் செய்யவும் ஆட்டோகேட் விடாது. அதனால் 0-வுக்குப் போய் நின்றுகொண்டு, எஃப் கொடுத்து மற்றதை ஃப்ரீஸ் செய்கிறோம்.

அந்த வெற்று வரிக்கு வருவோம். லேயர் பெயரைக் கொடுத்தபின் ஆட்டோகேட் அதே லேயர் கமாண்டுக்குள், அடுத்து என்ன என்று காத்திருக்கும். வெற்று வரிதான் அதை முடித்து வெளியே கொண்டுவருகிறது. அது விட்டுப்போனால் க்யூசேவ் (QSAVE, சேமிக்கும் கமாண்ட்) என்ற சொல் லேயர் கமாண்டின் ஒரு ஆப்ஷனாகப் போய், செல்லாது என்று திரும்பும். டிராயிங் சேவ் ஆகாததற்கு இதுவே காரணம். வெற்று வரி இரண்டாக இருந்தால் இரண்டாவது எண்டர் கடைசிக் கமாண்டைத் திரும்ப அழைக்கும். மறுபடி அதே சிக்கல்தான். எஃப் என்ற எழுத்துக்குப் பின்னால் ஒரு காலி இடம் விழுந்தால், பெயர் கேட்கும் இடத்தில் எண்டர் போகும். உடனே பொருளைக் கிளிக் செய்து காட்டு என்று கேட்டு ஸ்கிரிப்ட் நின்றுவிடும்.

க்யூசேவ் வரியை எடுத்துவிட்டு டிராயிங்கின் ஒரு நகலில் ஓட்டிப் பாருங்கள். தப்பாகப் போனால் ஒரே ஒரு யூ (U, செய்ததைத் திரும்பப் பெறும் கமாண்ட்) போதும். ஸ்கிரிப்ட் செய்த எல்லாம் ஒன்றாகத் திரும்பிவிடும். லேயர் பெயரில் காலி இடம் வைக்காமல் ஹைஃபன் வைக்கும் பழக்கம் இருந்தால் பாதித் தொல்லை இல்லை. பெயரில் எண் குறி (#) இருந்தால் அதற்கு முன் சாய்ந்த ஒற்றைக் குறி (`) போடுங்கள். இல்லாவிட்டால் அது ஏதோ ஒரு இலக்கம் என்று பொருள்படும்.

கேள்வி: ஆஃப் செய்தாலும் மறைகிறது, ஃப்ரீஸ் செய்தாலும் மறைகிறது. எதை ஸ்கிரிப்டில் எழுதுவது?

பதில்: ஃப்ரீஸ். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், ஆஃப் செய்த லேயரில் இருப்பவை இன்னும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. எரேஸ் கொடுத்து ஆல் என்று தட்டினால், ஆஃப் ஆகி லாக் ஆகாமல் இருக்கும் லேயரின் கோடுகளும் சேர்ந்து அழியும். திரையில் எதுவும் தெரியாததால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஃப்ரீஸ் செய்தவை தப்பிக்கும். முழு டிராயிங்கையும் திரையில் அடக்கும் ஜூம் எக்ஸ்டென்ட்ஸும் ஃப்ரீஸ் ஆனதைக் கணக்கில் எடுக்காது.

பல கோடுகளை ஒரே பொருளாகச் சேர்த்த பிளாக்கில் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். இ-லைட் லேயரில் ஒரு விளக்கு பிளாக்கை இன்சர்ட் செய்திருக்கிறீர்கள்; அதற்குள் எழுத்து மட்டும் இ-டெக்ஸ்ட் லேயரில் இருக்கிறது. இ-லைட்டை ஆஃப் செய்தால் விளக்கு மறையும், எழுத்து அந்தரத்தில் நிற்கும். ஃப்ரீஸ் செய்தால் பிளாக் முழுவதும் போய்விடும்.

ஸ்கிரிப்டில் ஆஃப்புக்கு இன்னொரு குறையும் உண்டு. கரன்ட் லேயரும் அதில் சிக்கினால் ஆமா, இல்லையா என்று ஒரு கேள்வி கூடுதலாக வரும். அதற்குப் பதில் எழுதாத ஸ்கிரிப்ட் அங்கேயே தடம் புரளும்.

கேள்வி: ஆர்க்கிடெக்ட் தந்த டிராயிங்கை எக்ஸ்ரெஃபாக (வெளி ஃபைலாகவே) இணைத்து, அதில் டைமென்ஷன் லேயரை ஃப்ரீஸ் செய்கிறேன். மூடித் திறந்தால் மறுபடி தெரிகிறதே?

பதில்: விஸ்ரீடெய்ன் (VISRETAIN) என்று தட்டி மதிப்பைப் பாருங்கள். 0 என்று இருந்தால் ஒவ்வொரு முறை ரீலோட் ஆகும்போதும் மூல டிராயிங்கின் நிலைக்கே திரும்பும். 1 ஆக்குங்கள். எக்ஸ்ரெஃப் லேயர்களின் பெயரில் டிராயிங் பெயருக்கும் லேயர் பெயருக்கும் நடுவே செங்குத்துக் கோடு இருக்கும். ஆகவே எஃப்-க்குப் பின் *|*டிம்* என்று எழுதினால், எத்தனை எக்ஸ்ரெஃப் இருந்தாலும் அத்தனையின் டைமென்ஷன் லேயரும் ஒரே வரியில் அடங்கும்.

கேள்வி: ஒரே லேஅவுட்டில் (பிரிண்ட் தாளில்) இரண்டு வியூபோர்ட் (டிராயிங்கைக் காட்டும் ஜன்னல்). ஒன்றில் மட்டும் டக்ட் மறைய வேண்டும்.

பதில்: லேயர் கமாண்டின் ஃப்ரீஸ் எல்லா வியூபோர்ட்டிலும் மறைத்துவிடும். இதற்கு விபிலேயர் (VPLAYER) கமாண்ட். லேஅவுட்டுக்குப் போய், எம்எஸ்பேஸ் (MSPACE) கொடுத்து வேண்டிய வியூபோர்ட்டுக்குள் நுழைந்து, பிறகு விபிலேயர், எஃப், எம்-*, சி, கடைசியில் வெற்று வரி. சி என்றால் கரன்ட் வியூபோர்ட். பேப்பர் ஸ்பேஸில், அதாவது வியூபோர்ட்டுக்கு வெளியே தாளில், நின்றபடி சி கொடுத்தால் அது தாளையே குறிக்கும். வியூபோர்ட்டுக்குள் ஒரு மாற்றமும் தெரியாது.

கேள்வி: 60 டிராயிங்குக்கு இதே ஸ்கிரிப்டை ஓட்ட, ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2013 பதிப்பிலிருந்து ஆட்டோகேடுடன் அக்கோர்கன்சோல் (accoreconsole) என்ற சிறிய புரோகிராம் வருகிறது. திரையில் டிராயிங்கைக் காட்டாமலே திறந்து ஸ்கிரிப்டை ஓட்டும். ஐ சுவிட்சுக்குப் பின் டிராயிங், எஸ் சுவிட்சுக்குப் பின் ஸ்கிரிப்ட். விண்டோஸ் கமாண்டுகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் ஃபைலில், திரும்பத் திரும்ப ஓட்டும் ஃபார் (FOR) வரி எழுதி ஃபோல்டர் முழுவதையும் ஓட்டலாம். பேட்ச் ஃபைலுக்குள் மாறியின் முன் சதவீதக் குறி இரண்டு வேண்டும். ஃபைல் பெயர்களை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். ஸ்கிரிப்டில் க்யூசேவ் இல்லையென்றால் 60 டிராயிங்கும் மாறாமல் அப்படியே மூடப்படும். பக்கத்து மேசையில் யாராவது திறந்து வைத்திருக்கும் டிராயிங்கும் சேவ் ஆகாது. அதனால் வெளியீட்டை ஒரு டெக்ஸ்ட் ஃபைலுக்குத் திருப்பிவிட்டு, முடிந்ததும் ஒவ்வொரு டிராயிங்கின் சேவ் நேரத்தையும் சரிபாருங்கள்.