ரிகர்ஷன் எல்லையை ஏற்ற வேண்டாம்
ஐம்பதாயிரம் முனை உள்ள கிராஃபில் டோப்பலாஜிக்கல் வரிசை (ஒவ்வொரு விளிம்பும் முன்னிருந்து பின்னுக்கே போகும்படி முனைகளை அடுக்குவது) எடுக்கும்போது பைத்தான் ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) எரர் தருகிறது, எல்லையைக் கூட்டினால் புரோகிராமே செத்துப்போகிறது என்று கேட்டிருந்தீர்கள். அல்காரிதத்தில் தப்பில்லை. பைத்தானின் இயல்பான எல்லை 1000, உங்கள் கிராஃபில் அடுத்தடுத்த அழைப்புகளின் சங்கிலி அதைவிட ஆழம், அவ்வளவுதான். எல்லையை ஏற்றுவது வேண்டாத வம்பு, பழைய பதிப்புகளில் சி ஸ்டாக் (அழைப்புகளை வைக்கும் நினைவிடம்) நிரம்பி எரர்கூடக் காட்டாமல் விழுந்துவிடும்.

ரிகர்ஷனுக்குப் பதில் ஒரு லிஸ்ட்டை ஸ்டாக்காக (கடைசியில் போட்டதை முதலில் எடுப்பது) வைத்து, முனையோடு "முடிந்ததா" என்ற கொடியையும் சேர்த்துப் போடுங்கள். எடுக்கும்போது கொடி உண்மை என்றால் விடைப் பட்டியலில் சேர்க்கவும். பொய் என்றால், ஏற்கெனவே பார்த்த முனையா என்று சோதித்து, இல்லையென்றால் பார்த்ததாகக் குறித்து, அதே முனையை உண்மைக் கொடியோடு திரும்பப் போட்டு, அதன் மேல், அதிலிருந்து விளிம்பு போகும் அண்டை முனைகளைப் பொய்க் கொடியோடு போடவும் (இந்த வரிசை மாறினால் விடை கோவிந்தா). கடைசியில் பட்டியலைத் திருப்ப வேண்டும்.

ஆனால் கிளம்பிய முனைக்கே திரும்பி வரும் சுழற்சியை இது கண்டுபிடிக்காது. தரவில் சுழற்சி இருக்கலாம் என்றால் ஆர்தர் கான் என்பவர் 1962-ல் சொன்ன முறைதான் என் ஓட்டு: உள்வரும் விளிம்பே இல்லாத முனைகளை கியூவில் போட்டு ஒவ்வொன்றாக அதன் விளிம்புகளோடு கழிப்பது, அதனால் உள்வரும் விளிம்பு இல்லாமல் போகும் முனைகளையும் கியூவில் சேர்ப்பது. வெளிவந்தவை மொத்தத்தைவிடக் குறைந்தால் சுழற்சி இருக்கிறது. எழுதச் சோம்பலா? பைத்தான் 3.9-லிருந்து இந்த வரிசையை எடுத்துத் தரும் கிராஃப்லிப் (graphlib) மாட்யூல் கூடவே வருகிறது, ஆனால் அதற்கு ஒவ்வொரு முனைக்கும் அதன் முன்னோடிகளைத் தர வேண்டும், பின்னோடிகளை அல்ல.