‘மோகமுள்’ 40 பக்கத்துக்கு மேல் நகரவில்லையா?

க்ரைம் நாவலை ஒரே மூச்சில் முடிக்கிற நீங்கள் தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவலில் 40-ஆம் பக்கம் தாண்டாததற்கு ரசனைக் குறைவு காரணமில்லை. அதை இப்போதைக்கு மூடி வையுங்கள். புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ சிறுகதையில் தொடங்குங்கள்.

சிக்கல் பெரும்பாலும் வேகத்தில்தான். மாதாமாதம் வருகிற க்ரைம் நாவலில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு கேள்வி தொங்கும். கண் வசனம் வசனமாகத் தாவிப் பதிலைத் தேடும். அதே தாவலில் ஜானகிராமனைப் படித்தால் கும்பகோணமும் பாட்டு வாத்தியார் ரங்கண்ணாவின் சங்கீதமும் கைநழுவிப் போகும். அங்கே கதையே அதுதான்.

சோதித்துப் பாருங்கள்: அந்தச் சிறுகதையின் முதல் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். சென்னை பிராட்வே முனையில் நின்றுகொண்டு, டிராமில் போய் மிஞ்சுகிற காலணாவுக்கு வெற்றிலையா, பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றி அரைக் கப் காப்பியா என்று ஒரு மனுஷர் தீவிரமாகக் கணக்குப் போடுகிறார். சிரிப்பு வந்தால் உங்கள் வேகம் சரி. வரவில்லையென்றால் இன்னும் மெதுவாக, மறுபடி.

ஒன்று மட்டும்: இதற்காக க்ரைம் நாவலை விட்டுவிடாதீர்கள். தடயத்தைக் கண்ணெதிரே வைத்தே மறைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே ராத்திரியில் படிக்க வேண்டாம், பழைய வேகம் ஒட்டிக்கொள்ளும்.