'ஹவியேர்' என்ற ஸ்பானிஷ் பெயருக்கு என்ன பொருள்?

'புதுவீடு' என்பதுதான் பொருள். ஆனால் சொல் ஸ்பானிஷ் அல்ல, ஸ்பெயினின் வடபகுதியில் பேசப்படும் பாஸ்க் மொழிச் சொல். அம்மொழியில் 'எச்சே' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதிய. 'எச்செபெர்ரி' வாய்மொழியில் தேய்ந்து 'ஷவியேர்' ஆனது. எச்செவெர்ரியா என்ற குடும்பப்பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

முதலில் இது ஆள் பெயரே இல்லை. ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர். அங்குள்ள கோட்டையில் 1506-இல் பிறந்தவர் பிரான்சிஸ்கோ. ஊர்ப்பெயரும் அவரோடு ஒட்டிக்கொண்டது. 1622-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபின் மக்கள் பிள்ளைகளுக்கு அதைச் சூட்டத் தொடங்கினார்கள். இன்று கூப்பிடும் செல்லப்பெயர் 'ஹவி'.

சரி, 'ஷ' எப்படி 'ஹ' ஆனது? பழைய ஸ்பானிஷில் எக்ஸ் எழுத்துக்கு 'ஷ' ஒலி. பிற்பாடு அது தொண்டையிலிருந்து வரும் 'ஹ' ஆனது, எழுத்தும் ஜே-க்கு மாறியது. போர்த்துகீசியர் 'ஷ'வை விடவில்லை.

அந்தப் பிரான்சிஸ்கோ யார் என்கிறீர்களா? 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த நம்ம சவேரியார்தான்! ஆங்கில வழியில் வந்த 'சேவியர்' இதன் இன்னொரு வடிவம்.