நொதிகளால் மருந்து தயாரிக்கும் துறை: குடியாத்தத்திலிருந்து எழுதிய தந்தைக்கு

அன்புள்ள ஐயா, வணக்கம்.

நொதிகளை, அதாவது வேதிவினைகளை விரைவுபடுத்தும் என்சைம் புரதங்களை, மாற்றியமைத்து மருந்து தயாரிக்கும் துறைக்குப் போக வேண்டும் என்று தங்கள் மகள் பிடிவாதமாக இருப்பதாகவும், அதை நம்பிப் படிக்க வைக்கலாமா என்று தாங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். துறை நல்லது; பாதைதான் நீளமானது.

ஆம்பூர்த் தோல் ஆலையில் பணிபுரியும் தாங்கள், சுண்ணாம்பு நீக்கிய தோலை மென்மையாக்கப் போடும் நொதித்தூளை அறிவீர்கள். மருந்துத் துறையிலோ, நொதியின் மரபணுவையே திருத்தி, இயற்கையில் அது செய்யாத வேலையைச் செய்ய வைக்கிறார்கள். சர்க்கரை நோய்க்குத் தரப்படும் சிட்டாகிளிப்டின் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தயாரிப்பில் ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகத்தையும் உயர் அழுத்த ஹைட்ரஜனையும் கொண்டு செய்துவந்த படியை நொதியால் செய்ய முடியும் என்று மெர்க், கோடெக்சிஸ் நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2010இல் காட்டினர். தொடக்கத்தில், மருந்தாக மாற வேண்டிய அந்தப் பெரிய மூலக்கூறு, நொதியில் வினை நடக்கும் குழிக்குள் பொருந்தவே இல்லை. குழியை அகலப்படுத்தி, சுற்றுச் சுற்றாகத் திருத்தி, நொதிப் புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்கள் 27 இடங்களில் மாறிய பிறகே ஆலைக்கு ஏற்ற நொதி கிடைத்தது. இப்படி மாற்றியும் தேர்ந்தெடுத்தும் நொதியை வளர்க்கும் முறைக்காகத்தான் அமெரிக்க விஞ்ஞானி பிரான்சிஸ் அர்னால்டு 2018இல் வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றார்.

நாம் விழுங்கும் மருந்தைக் கல்லீரலின் பி450 நொதிகள் வேறு பொருள்களாக மாற்றுகின்றன. மெட்டபோலைட் எனப்படும் அவற்றில் நச்சு உண்டா என்று சோதிக்க, அவை போதிய அளவில் கையில் இருக்க வேண்டும். பல கார்பன் அணுக்களில் ஒன்றில் மட்டும் ஆக்சிஜனைச் சேர்ப்பது வேதி முறையில் கடினம். திருத்தியமைத்த பாக்டீரியா பி450 நொதிகள் அதையும் செய்து தருகின்றன.

ஆகவே, தங்கள் மகள் கரிம வேதியியலை எந்நிலையிலும் விட்டுவிடக் கூடாது. வேதியியலிலிருந்து தப்பிக்கலாம் என்றெண்ணி பயோடெக்னாலஜியில் சேரும் பிள்ளைகள் பின்னர்த் திணறுவது எனக்குக் கவலை தருகிறது. பி.எஸ்சி. வேதியியலோ உயிர்வேதியியலோ எடுக்கட்டும். வேலூர், காட்பாடிக் கல்லூரிகளில் சேர்க்கும் முன், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர், கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி ஆகிய கருவிகளை மாணவிகளே இயக்குகிறார்களா என்று ஆய்வகத்துக்குப் போய்க் கேளுங்கள். கருவியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வைக்கும் கல்லூரி வேண்டாம்.

பி.எஸ்சி.யுடன் நிறுத்தினால் பெரும்பாலும் மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வக வேலைதான் கிடைக்கும்; அதுவும் மதிப்பான வேலையே. நொதியை வடிவமைக்க வேண்டுமானால் எம்.எஸ்சி.யும், பெரும்பாலும் முனைவர் பட்டமும் தேவை. ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வும், ஆய்வு உதவித்தொகைக்கு சிஎஸ்ஐஆர் நெட் தேர்வும் இருப்பதால், இளநிலைப் படிப்புக்கே பெருங்கடன் வாங்கிவிடாதீர்கள். இரண்டாம் ஆண்டிலேயே ஜாம் தேர்வின் பழைய வினாத்தாள்களை அவர் போட்டுப் பார்க்கத் தொடங்கட்டும்.