மலையகத்து வெயில் காலத்தில் அடுப்படியில் அதிகம் நிற்காமல் என்ன சமைக்கலாம்?

கேள்வி கேட்டவர் இலங்கை மலையகத்தில், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறார். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் அடுப்பு மூட்டவே முடியவில்லை, சுலபமாக, உடம்புக்குச் சூடில்லாமல் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். எனக்கு நன்றாகப் பழக்கமான விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மலையகம் என்றால் எப்போதும் குளிர் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவுக்கு அது பொருந்தும். பதுளை டவுன் ஏறத்தாழ 680 மீட்டர்தான், கண்டி அதையும்விடக் கீழே. நான் பிறந்தது அட்டன் பக்கம், வாழ்க்கைப்பட்டது பசறைப் பக்கம். ஜூன், ஜூலையில் அட்டனில் மழை விடாமல் கொட்டும். அதே நாட்களில் மலைக்கு இந்தப் பக்கம் காற்று வறண்டு அடிக்கும், தண்ணீர் பிடிக்கிற பீலிக் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கும். அட்டன்காரர்களுக்கு வெயில் என்றால் மாசி, பங்குனி. எந்தப் பக்கமானாலும் தகரம் சூடேறிவிட்டால் லயத்துக் காம்பராவுக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறைக்குள், இருக்க முடியாது, அதோடு விறகுப் புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் அடுப்பு காலையில் ஒரே தடவைதான். வெயில் ஏறுமுன் சோறோ ரொட்டியோ ஒரு பருப்போ முடிந்துவிடும். மற்றதெல்லாம் நறுக்குவது, பிசைவது, கரைப்பது. இதில் முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டியது எது மத்தியானம் வரைக்கும் தாங்கும், எது தாங்காது என்பதுதான்.

முதலில் தாங்காதது. தேங்காய்ச் சம்பலைக் காலையில் இடித்து, கொழுந்து எடுக்கப் போகிறவர்களுக்குக் கட்டிக் கொடுத்தால் வெயில் நாளில் சாப்பாட்டு நேரத்துக்குள் புளிப்பு வாடை வந்துவிடும். பச்சைத் தேங்காயின் குணம் அது. தேங்காய்ப்பாலில் வைக்கிற பால் சொதியும் அப்படித்தான், வைத்த சூட்டோடு சாப்பிட்டு முடிக்க வேண்டும். கட்டிக் கொடுக்க ஏற்றது கட்டச் சம்பல். செத்தல் கொச்சிக்காயையும் (காய்ந்த மிளகாய்) உப்பையும் அம்மியில் வைத்து முதலில் நன்றாக அரைத்துக்கொள்ளுங்கள். பிறகு சின்ன வெங்காயத்தையும் மாசிக் கருவாட்டுத் துண்டையும் வைத்து ஒன்றும் பாதியுமாக நசுக்கி, கடைசியில் தேசிக்காய் (எலுமிச்சை) பிழியுங்கள். தேங்காய் இல்லை, உப்பும் புளிப்பும் இருக்கிறது, அதனால் சாயங்காலம் வரை கெடாது. ரொட்டியைக் கல்லிலிருந்து எடுத்தவுடன் பொலித்தீன் பையில் போடாதீர்கள். உள்ளே வேர்த்து நசநசத்துப் போகும். துணியில் சுற்றி, சூடு ஆறிய பிறகு கட்டுங்கள்.

வீட்டில் இருந்து சாப்பிடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது வல்லாரைச் சம்பல். அடுப்பே வேண்டாம். வல்லாரை தரையோடு படர்கிற கீரை, மண்ணும் சின்னப் பூச்சிகளும் காம்பில் ஒட்டியிருக்கும். வேரைக் கிள்ளிவிட்டு, உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு வைத்து, அப்புறம் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். தண்ணீரை நன்றாக உதறிவிட்டு, ஒரு பிடி இலையை இறுக்கிச் சுருட்டிப் பிடித்து, நூல் மாதிரி மெல்லிசாக அரியுங்கள். கத்தி கூராக இருக்க வேண்டும். மொட்டைக் கத்தி இலையை நசுக்கும், சாறு இறங்கிக் கசப்புக் கூடும். அரிந்ததோடு தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், விருப்பமென்றால் மாசித்தூள். உப்பையும் தேசிக்காய்ப் புளியையும் கோப்பையில் சோறு போட்ட பிறகுதான் சேர்க்க வேண்டும். முன்னாலேயே சேர்த்தால் கீரை தண்ணீர் விட்டு, நிறம் கருத்து, வாடிப்போகும். இதே முறையில் கரட்டையும் பச்சையாகத் திருவிச் செய்யலாம், பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். முள்ளங்கியைத் திருவித் தயிரில் போட்டாலும் நன்றாக இருக்கும். வெள்ளரிக்காயை மெல்லிசாக வெட்டி, கெட்டித் தேங்காய்ப்பாலில் வெங்காயமும் மிளகுத்தூளும் போட்டுக் கலந்தால் அது ஒன்றே சோற்றுக்குப் போதும்.

பருப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். கொதிக்கிற தண்ணீர்தான், ஆனாலும் சூடு குறைவு, அதனால்தான் மேலே இருப்பவர்களுக்குப் பருப்பும் கடலையும் வேக நேரம் எடுக்கிறது. விறகையோ காஸையோ கூட எரிக்காமல் இதைச் சமாளிக்கலாம். மைசூர்ப் பருப்பை அரை மணி நேரம் ஊறவையுங்கள். மஞ்சள், வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், கறிவேப்பிலை போட்டு ஐந்தாறு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியை இறுக்கி, சட்டியைப் பழைய கம்பளியில் சுற்றி ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். இன்னொரு அரை மணி நேரத்தில் தானாகவே வெந்திருக்கும். 2022இல் காஸ் கிடைக்காமல் நாடே அலைந்தபோது எங்கள் லயத்தில் பல வீடுகளில் இப்படித்தான் செய்தோம். உப்பும் தேங்காய்ப்பாலும் கடைசியில் சேர்த்து ஒரு கொதி விட்டால் போதும்.

பழஞ்சோறு எல்லோருக்கும் தெரியும், ஆனால் வெயில் காலத்தில் கவனமாகச் செய்ய வேண்டிய சாப்பாடு அது. இரவுச் சோறு ஆறியதும் தாமதிக்காமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். மணிக்கணக்கில் சும்மா திறந்து கிடந்த சோற்றில் பிறகு தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, அதில் வளர்ந்த கிருமி வயிற்றைக் கெடுத்துவிடும், திரும்பச் சூடாக்கினாலும் அதன் நஞ்சு முழுதாகப் போகாது. நுவரெலியா, அக்கரப்பத்தனைப் பக்கம் இரவுக் குளிரில் சோறு விடியும்வரை புளிக்கவே புளிக்காது. பதுளை, பசறையில் அளவாகப் புளித்திருக்கும். காலையில் பிழிந்து, தயிரோ தேங்காய்ப்பாலோ விட்டு, சின்ன வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் நறுக்கிப் போட்டு, தேசிக்காய் பிழிந்து சாப்பிடுங்கள். தொட்டுக்கொள்ள வறுத்த நெத்தலி. கை வைத்ததும் வழுவழுப்பாக இழுத்தாலோ வாடை மாறியிருந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கைக்குழந்தைகளுக்கு இது வேண்டாம்.

குடிக்கிறதுக்கு வருவோம். வெயிலில் மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு வேர்வையோடு உப்பும் போகிறது, வெறும் தண்ணீர் மட்டும் போதாது. மோரில் இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு தட்டிப் போட்டுக் கொடுங்கள். பேஷன் புரூட் கிடைத்தால் சதையைக் கரைத்து வடித்து, சீனியோடு ஒரு சிட்டிகை உப்பும் போடுங்கள். இன்னொன்றும் இருக்கிறது, தேயிலையோடு வாழ்கிற நாம் அதிகம் செய்து பார்க்காதது: இரவில் ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி தேயிலையைப் போட்டு மூடி வைத்து, காலையில் துணியில் வடித்துக் குடிப்பது. சூடான சாயம், அதாவது பால் விடாத தேத்தண்ணீர், ஆறினால் கலங்கிப்போய்த் துவர்க்கும். பச்சைத் தண்ணீரில் ஊறியது தெளிவாக இருக்கும், துவர்ப்பும் குறைவு. டஸ்ட் என்கிற பொடித் தேயிலையை விடக் கொஞ்சம் பெரிய இலைத் தூள் இதற்கு நல்லது. தேசிக்காய் பிழிந்ததும் நிறம் வெளுக்கும், பயப்பட வேண்டாம். வெறும் வயிற்றில் மட்டும் குடிக்காதீர்கள்.

இனிப்பு வேண்டுமென்றால் தயிரும் கித்துள் பனையின் பாணியும் இருக்கவே இருக்கிறது. பட்டர் புரூட் (அவகாடோ) காய்க்கிற நேரமென்றால் பிள்ளைகளுக்குப் பாலும் சீனியும் போட்டு மசித்துக் கொடுங்கள், சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ள பெரியவர்களுக்கு உப்பும் மிளகும் வெங்காயமும் போட்டு ரொட்டியில் தடவிக் கொடுங்கள். மசித்த பட்டர் புரூட் சீக்கிரம் கருக்கும், அதனால் சாப்பிடுகிற நேரத்துக்கு வெட்டினால் போதும்.